மணவறை வரை போய்த் திரும்பிய மாப்பிள்ளை

'ஆர்.சி.இ.பி. பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பதறிப்போய், "அந்த சீட்டுக் கம்பெனியா? ஓடிட்டானா சார்?" என்றார். இன்னொருவர் புது பஸ் ரூட் என்று நினைத்துக்கொண்டு, "ஆவடி வழியாப் போகுமா?" என்று விசாரித்தார். ஒரு காலேஜ் பையன் மட்டும் தலையைச் சொறிந்து, "பரீட்சைக்குப் படிச்சேன் அங்கிள்... மறந்துடுச்சு!" என்றான். நாலாவது ஆசாமி பதிலே சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழு வருஷம் நடந்த பேச்சு அது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கையெழுத்துப் போடும் நாள் நெருங்கிய பிறகுதான் ஊருக்கே சேதி தெரிந்தது. தெரிந்த ஒரு வாரத்துக்குள் நம்ம ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையும், கல்யாணம் நின்றுபோன தகவலும் ஒரே தபாலில் வந்த மாதிரி!

கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆசியான் நாடுகள் பத்து. அவற்றோடு சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. மொத்தம் 16 நாடுகள். இவை ஒன்றுக்கொன்று வரியைக் குறைத்துக்கொண்டு ஒரே பெரிய சந்தையாகிவிடலாம் என்று 2012 நவம்பரில் கம்போடியாவின் நாம்பென் நகரில் ஆரம்பித்த பேச்சுதான் ஆர்.சி.இ.பி. அப்போது பிரதமர் மன்மோகன் சிங். தமிழில் இதற்கு 'பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் எஸ்டேட்டில் ஷிஃப்ட் மாறிவிடும். நாம் 'கூட்டு' என்றே வைத்துக்கொள்வோம்.

2019 நவம்பர் 4. பாங்காக். மற்ற 15 நாடுகளும் தலையாட்டிவிட்டன. பிரதமர் மோடி எழுந்து, காந்திஜி சொல்லிவிட்டுப் போன அளவுகோலும் சரி, என் மனசாட்சியும் சரி, இதில் சேர அனுமதிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று வெளியான கூட்டறிக்கையில் இந்தியாவுக்கு ஒரே ஒரு பாராதான். இன்னும் தீராத முக்கியப் பிரச்னைகள் அவர்களுக்கு இருக்கின்றன என்கிற அளவில் நாகரிகமாக முடித்துவிட்டார்கள். பெண் வீட்டார் கோபத்தை வெளியில் காட்டாமல், 'மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

இதில் அரசியல் கூத்து தனி. பேச்சை ஆரம்பித்தது காங்கிரஸ். கையெழுத்து நெருங்கும்போது, கூடாது என்று எதிர்த்ததும் காங்கிரஸ். நோட்டு ஒழிப்பு முதல் அடி, ஜி.எஸ்.டி. இரண்டாவது அடி, இது மூன்றாவது அடியாகும் என்று ஜெய்ராம் ரமேஷ் எச்சரித்தார். ஆளும் கட்சிக்கு உறவான சுதேசி ஜாக்ரண் மஞ்சும் எதிர்த்தது. இடதுசாரி விவசாய சங்கங்களும் எதிர்த்தன. நவம்பர் 4 அன்றைக்கே விவசாய சங்கங்கள் நாடு முழுக்கப் போராட்டம் அறிவித்திருந்தன. செங்கொடியும் காவிக்கொடியும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ காட்சி! வெளியே வந்ததும், தைரியமான முடிவு என்று பி.ஜே.பி. மார்தட்டியது. நாங்கள் போட்ட சத்தத்தில்தான் வெளியே வந்தார்கள் என்று காங்கிரஸ் மார்தட்டியது. சேர வேண்டும் என்று சொன்னவர்கள் மட்டும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அதெல்லாம் டெல்லி விவகாரம். எனக்கு இதில் அக்கறை வந்தது ஒரு நட்டு - போல்ட்டினால்.

மண்ணூர்பேட்டை பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார் ஒரு நண்பர். டூ வீலர் பிரேக்கில் போகிற சின்னச் சின்ன பின், ஸ்டட், ஸ்பெஷல் போல்ட் செய்கிறார். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்கிறவருக்கு சப்ளை செய்கிறவருக்கு சப்ளை செய்கிறவர். அதாவது கொள்ளுப்பேரன் முறை. ஒரு காலத்தில் 14 பேர் வேலை பார்த்த பட்டறை. இப்போது ஆறு பேர்.

நவம்பர் 5 காலை பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். "பிழைச்சீங்க அண்ணே! சீன போல்ட் வராது" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தவில்லை. டூலைக் காட்டினார். "இந்த இன்செர்ட் எங்கேருந்து வருது தெரியுமா சார்? சீனா. பேரிங்? சீனா. அந்த மூலைல நிக்குதே சி.என்.சி.? தைவான். சீனா சாமான் வரலைன்னா எனக்கு சந்தோஷம்தான். ஆனா என் பட்டறையும் நின்னுடும். இதுல நான் அழணுமா சிரிக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குள் மொத்த விவகாரமும் அடங்கியிருக்கிறது. டி.வி. விவாதங்களில் இந்தியா பெரிதா சீனா பெரிதா என்று தொண்டை கட்டக் கத்தினார்களே தவிர, ஒரே பட்டறைக்குள் வாங்குகிறவனும் விற்கிறவனும் உட்கார்ந்திருக்கிறான் என்பதை யாரும் பேசவில்லை. வரி குறைந்தால் வாங்குகிறவன் பிழைப்பான். வரி ஏறினால் விற்கிறவன் பிழைப்பான். எந்தச் சாமானுக்கு ஏற வேண்டும், எதற்குக் குறைய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். அது ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு பட்டியல். அதை யார் படிப்பார்கள்?

பேச்சு முறிந்ததற்குச் சொன்ன காரணங்களைப் பார்த்தால், எல்லாமே பட்டியலின் பொடி எழுத்து சமாசாரம்தான். எனக்குப் புரிந்த மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, எந்த வருஷத்து வரியிலிருந்து குறைக்க ஆரம்பிப்பது என்பது. மற்றவர்கள் 2014 என்றார்கள். நாம் 2019 என்றோம். 'அஞ்சு வருஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?' என்று தோன்றும். பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போய்ப் பாருங்கள். காலையும் மாலையும் பஸ் பஸ்ஸாகப் பெண் பிள்ளைகள் செல்போன் ஃபாக்டரிகளுக்குப் போய் வருகிறார்கள். 2014-ல் வெளிநாட்டிலிருந்து வரும் செல்போனுக்கு அடிப்படை சுங்க வரி பூஜ்யம். 2017 ஜூலையில் 10 சதவீதம், டிசம்பரில் 15, 2018 பட்ஜெட்டில் 20 என்று ஏற்றினார்கள். வெளியிலிருந்து கொண்டுவருவதைவிட இங்கேயே பூட்டுவது லாபம் என்று கம்பெனிகள் கணக்குப் போட இது ஒரு முக்கியக் காரணம். 2014-தான் ஆரம்பம் என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த 20 சதவீதச் சுவர் கையெழுத்திலேயே கரைந்திருக்கும். ஒரு வருஷக் கணக்கு... அதற்குப் பின்னால் எத்தனை பஸ் என்று யோசியுங்கள்.

இரண்டு, ஃபியூஸ் கட்டை. ஒரு சாமான் திடீரென்று வெள்ளமாக வந்து குவிந்தால், வரி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று இந்தியா கேட்டது. வீட்டில் கரண்ட் ஜாஸ்தியானால் ஃபியூஸ் போவது மாதிரி. நாம் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தமானது: சாமான் எந்த ஊரில் பிறந்தது என்பது. எந்த ஊர் மாம்பழமாக இருந்தாலும் கோயம்பேட்டில் 'சேலம்' என்று ஒரு சீட்டு ஒட்டினால் விலை ஏறிவிடுகிறதல்லவா? அதே வித்தைதான். ஒரு நாட்டுக்கு வரி உண்டு, பக்கத்து நாட்டுக்கு இல்லை என்றால், சாமான் பக்கத்து நாட்டில் இறங்கி, சட்டை மாற்றிக்கொண்டு இங்கே வரும். ஆசியான் ஒப்பந்தப்படி, அந்த நாட்டில் குறைந்தது 35 சதவீதம் மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும், சாமானின் சுங்க வகையும் மாறியிருக்க வேண்டும். காகிதத்தில் சரிதான். துறைமுகத்தில் நிற்கிற அதிகாரி ஒரு பெட்டி போல்ட்டைப் பார்த்து, இதில் 35 சதவீதம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? இலங்கையோடு 2000-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதே இதில் சூடு பட்டிருக்கிறோம். அந்தத் தீவிலிருந்து வனஸ்பதியும் செம்பும் வந்து குவிந்தன. பாங்காக்குக்கு அடுத்த வருஷம், 2020 செப்டம்பரிலிருந்து, பிறந்த ஊருக்கான ஆதாரத்தை இறக்குமதி செய்கிறவரே கையில் வைத்திருக்க வேண்டும் என்று தனி விதி கொண்டுவந்தார்கள். ஜாதகத்தை மாப்பிள்ளை வீட்டார் சரிபார்க்கிற மாதிரி.

ஏற்கெனவே பட்ட சூட்டின் கணக்கு இன்னொன்றும் உண்டு. ஆசியான் சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010-11-ல் அந்த நாடுகளோடு நமக்கு இருந்த வியாபாரப் பற்றாக்குறை சுமார் 500 கோடி டாலர். 2018-19-ல் அது 2,100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கூட்டில் இருந்த 15 நாடுகளையும் சேர்த்தால் அந்த வருஷப் பற்றாக்குறை பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல். அதில் சீனா மட்டும் பாதிக்கு மேல், 5,300 கோடி. இந்தக் கணக்கோடு பாங்காக் போனவர் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில் என் வீட்டிலும் ஒரு விவாதம் நடந்தது. நியூசிலாந்து பால் பவுடர் வந்தால் நம் பால்காரர்கள் கதி என்ன என்று நான் சத்தமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, பால் விலை குறையும்னா நல்லதுதானே? எதுக்கு வேணாங்கிறாங்க?" என்றாள் மனைவி, கையில் ஆவின் பாக்கெட்டோடு.

நியாயமான கேள்வி. பேச்சு வார்த்தை நடத்துகிறவர்கள் பலரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விடுகிறார்கள். பெங்களூர்வாசிகளைவிடக் குறைவான ஜனத்தொகை உள்ள நாடு நியூசிலாந்து. அவர்கள் குடித்து மாளாது. பாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான். நம் நாட்டிலோ உலகத்திலேயே அதிகமாக, வருஷத்துக்கு 23 கோடி டன்னுக்கு மேல் கறக்கிறோம். ஆனால் கறப்பது கோடிக்கணக்கான வீடுகளில், ரெண்டு மாடு மூணு மாடு வைத்திருப்பவர்கள். பால் பவுடருக்கு 60 சதவீத வரி போட்டு வைத்திருப்பது அவர்களுக்காக. நம் அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குள் நுழைகிற டாங்கர் லாரிக்குப் பின்னால் ஏதோ ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியின் க்யூ இருக்கிறது. 'பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் குறையலாம். க்யூவில் நிற்கும் அம்மாவுக்கு வருமானமே போகலாம்' என்றேன். "அப்ப அந்த அம்மாவுக்குக் கொடுக்கிற விலையையாவது ஏத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு காபி போடப் போய்விட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளியே வருவது என்றதும் எல்லோருக்கும் பிரிட்டன் ஞாபகம் வரும். அவர்கள் கதை வேறு. நாம் தாலி கட்டுவதற்கு முன்னால் எழுந்து வந்தோம். அவர்கள் 1973-ல் ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்து, 47 வருஷம் குடும்பம் நடத்திவிட்டு விவாகரத்து கேட்டவர்கள். 2016 ஜூன் 23-ல் ஜனங்களிடமே ஓட்டு எடுத்தார்கள். 51.9 சதவீதம் பேர் வெளியே போகலாம் என்றார்கள். மறுநாளே பிரதமர் கேமரன் ராஜினாமாவை அறிவித்தார். அடுத்து வந்த தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் பார்லிமெண்ட் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 230 ஓட்டு வித்தியாசத்தில்! அயர்லாந்து எல்லையில் சோதனைச்சாவடி போடுவதா வேண்டாமா என்பதிலேயே மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கூட்டுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் சுமார் 3,900 கோடி பவுண்டு என்று கணக்குப் பார்த்தார்கள். மூன்று தடவை தவணை வாங்கி, கடைசியில் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். நம்மவர்கள் பாங்காக்கில் எழுந்து வந்தது அதற்கு மூன்று மாசம் முன்னால். பாக்கி இல்லை, ஜீவனாம்சம் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்ததோடு சரி.

பிரிட்டனுக்கும் எங்கள் பேட்டைக்கும் இருக்கிற பழைய உறவைச் சொல்லாமல் விட மனசில்லை. நான் பள்ளிக்கூடம் போன சைக்கிள் ஹெர்குலிஸ். எதிர் வீட்டுப் பையனுடையது பி.எஸ்.ஏ. ரெண்டும் இங்கிலீஷ் பெயர். ரெண்டையும் போட்டது அம்பத்தூரில் இருந்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1949-ல் பிரிட்டிஷ் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து ஆரம்பித்தது. பாடிக்கு வாருங்கள்: லூகாஸ், கேர்லிங், கிளேட்டன் என்று மோட்டார் எலெக்ட்ரிக்கல், பிரேக் சமாசாரங்களில் பெரிய பெரிய இங்கிலாந்து பெயர்கள். அறுபதுகளில் டி.வி.எஸ். குடும்பக் கம்பெனிகளோடு கைகோத்தவை. ஆவடியில் 1961-ல் வந்த டாங்க் ஃபாக்டரியில் முதலில் செய்த விஜயந்தாவும் பிரிட்டிஷ் விக்கர்ஸ் டிசைன்தான்.

வெள்ளைக்காரன் ஏன் பாடிக்கு வந்தான்? நம் மேல் பாசத்தினாலா? சாமானாக அனுப்பினால் உள்ளே விடமாட்டோம் என்றோம். 'அப்படியா, சரி, அங்கேயே வந்து செய்கிறேன்' என்று வந்தான். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது எந்த ஊரில்? சாட்சாத் நம் ஆவடியில்! நேருவும் காமராஜரும் அமர்ந்த அந்தப் பந்தலில் போட்ட பாதையில்தான் பின்னால் எஸ்டேட்டுகளும் லைசென்ஸுகளும் கோட்டாவும் வந்தன. அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் உருவாகி, ஆசியாவிலேயே பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று என்று பேர் வாங்கியதும் அந்தச் சுவரின் நிழலில்தான். நிழலுக்குக் கெட்ட பலனும் உண்டு. போட்டி இல்லாததால், முப்பது வருஷம் ஒரே மாடல் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். 1991-க்குப் பிறகு சுவர் ஒவ்வொரு செங்கல்லாக இறங்கியது. ஏழெட்டு ஷெட் கோடவுனாக மாறியது, சில ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. என் லேத் நண்பருடைய அப்பா சுவர் இருந்த காலத்தில் பட்டறை வைத்தவர். மகன் சுவர் இறங்கும் காலத்தில் அதை நடத்துகிறார்.

சரி, எழுந்து வந்தோமே, என்ன ஆயிற்று?

நாம் இல்லாமலேயே கல்யாணம் நடந்தது. 2020 நவம்பர் 15-ல் 15 நாடுகள் கையெழுத்துப் போட்டன. கொரோனா காலம், வீடியோவிலேயே முகூர்த்தம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. பெண் வீட்டார் பெருந்தன்மைக்காரர்கள். இந்தியா எப்போது வந்தாலும் சேரலாம் என்று தனியாக எழுதி வைத்தார்கள். மற்ற நாடுகள் சேர 18 மாசம் காத்திருக்க வேண்டும், இந்தியா மட்டும் காத்திருக்க வேண்டாம். பந்தியில் நமக்காக ஓர் இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். இலங்கைகூட 2023-ல் சேர விண்ணப்பம் போட்டுவிட்டது.

நாமும் சும்மா இருக்கவில்லை. மொத்தமாக வேண்டாம் என்றவர்கள், சில்லறையாக ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரலில் தனி ஒப்பந்தம். ஆசியான், ஜப்பான், கொரியாவோடு முன்பே இருந்தது. நியூசிலாந்தோடு பேச்சு முடிந்தது என்று 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். பால் சாமான்களை அதில் சேர்க்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அந்த 15 பேரில் நாம் தனியாகக் கைகுலுக்காத ஆள் ஒருவர்தான் பாக்கி. சீனா! ஆக, ஏழு வருஷம் 15 நாடுகளோடு பேசியதாகச் சொன்னதெல்லாம், உள்ளபடிக்கு ஒரே ஒரு நாட்டோடு பேசியதுதான். மற்ற 14 பேர் சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர்கள்.

விட்டுப் பிரிந்து போன பிரிட்டனும் சம்பந்தம் தேடி நம் வாசலுக்கு வந்தது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. ஸ்காட்ச் விஸ்கிக்கு இருந்த 150 சதவீத வரி பாதியாகி, பத்து வருஷத்தில் 40-க்கு வரும் என்பது அதில் ஒரு ஷரத்து. இந்த ஒரு ஷரத்து மட்டும் எங்கள் தெருவில் பலருக்கு மனப்பாடம்.

சீனாவோடு ஒப்பந்தம் இல்லையே, சாமான் நின்றதா என்றால், அங்கேதான் சங்கடம். 2018-19-ல் 5,300 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, 2024-25-ல் 9,900 கோடி டாலரைத் தாண்டியது. கிட்டத்தட்ட இரண்டு பங்கு! முன் வாசலைத் தாழ்ப்பாள் போட்டோம். சாமான் முழு வரியையும் கட்டிவிட்டு, அதே வாசலில் காலிங் பெல் அடித்து உள்ளே வந்தது. வரி கட்டியும் மலிவு. அல்லது இங்கே கிடைப்பதே இல்லை. நாம் பெருமையாகப் பூட்டுகிற செல்போனுக்குள் இருக்கும் சில்லுகள், மாத்திரைக்கு மூலப்பொருள், சூரியத் தகடு, என் நண்பரின் பேரிங். கூட்டில் சேர்ந்திருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று ஒரு கட்சி. எப்படியும் வருவது வரத்தான் செய்கிறது, சேர்ந்திருந்தால் அந்தப் பக்கமும் நம் சாமானை விற்றிருக்கலாமே என்று இன்னொரு கட்சி. 2024 செப்டம்பரில் அமைச்சர் பியூஷ் கோயல், சேரும் பேச்சே இல்லை, சீனாவோடு தடையில்லா வணிகம் நமக்கு ஆகாது என்றார். இரண்டே மாசத்தில் நிதி ஆயோக் தலைமை அதிகாரி சுப்ரமணியம், நாம் சேர்ந்திருக்க வேண்டும் என்கிற மாதிரிப் பேசினார். ஒரே அரசாங்கம், ஒரே ஊர், ரெண்டு வாய்!

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், அன்றைக்கு எழுந்து வந்தது சரிதான். 2014 கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தால் பூந்தமல்லி ரோட்டில் பாதி பஸ் ஓடாது. ஆனால் எழுந்து வந்த கையோடு, வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைத்தான் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த வேலை என்ன என்பதை லேத் நண்பர்தான் சொன்னார்.

2025 ஏப்ரலில், வெளிநாட்டு ஸ்டீல் தகடு, காயில் வகைகளுக்கு 12 சதவீதம் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டார்கள். பெரிய ஸ்டீல் மில்கள் கேட்டு வாங்கியது. மலிவு ஸ்டீல் வந்து குவிகிறது, நாங்கள் பிழைக்க வேண்டாமா என்றார்கள். நியாயம்தான். அடுத்த வாரமே எஸ்டேட்டில் தகடு வாங்குகிறவர்கள் முகம் சுருங்கிவிட்டது.

"பாருங்க சார்" என்றார் நண்பர், ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட்டால் கோடு போட்டபடி. "ஸ்டீல் வந்தா வரி. மில்லுக்காரர் பெரிய ஆளு, டெல்லிக்குப் போய்ப் பேசுவாரு. சரி. அதே ஸ்டீலை வேற நாட்டுக்காரன் போல்ட்டா அடிச்சு, ஒப்பந்த நாட்டு சர்ட்டிபிகேட்டோட அனுப்புறான்னு வைங்க. அதுக்கு வரி கம்மி, இல்லேன்னா கிடையவே கிடையாது. அப்ப நான் மாவை அதிக விலைக்கு வாங்கி, எதிர்க்கடைக்காரன் விக்கிற விலைக்கு இட்லி விக்கணும். எத்தனை நாளைக்கு?"

இதற்கு 'தலைகீழ் வரி' என்று பெயர். மூலப்பொருளுக்கு ஜாஸ்தி, முடிந்த சாமானுக்குக் கம்மி. இது சீனாக்காரன் செய்த சதியில்லை. பாங்காக்கில் யாரும் திணித்ததும் இல்லை. நம் பட்ஜெட்டிலும் நாமே கையெழுத்துப் போட்ட பழைய ஒப்பந்தங்களிலும் உள்ள முடிச்சு. ஜவுளி, ஸ்டீல், எலெக்ட்ரானிக்ஸ் என்று பல தொழில்களில் வருஷா வருஷம் இதைச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். சில வரிகளைச் சரி செய்கிறார்கள். அடுத்த வருஷம் வேறு இடத்தில் முடிச்சு விழுகிறது.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்து 2025-க்குள் முடிப்பது என்று 2023-ல் இரு தரப்பும் பேசிக்கொண்டன. சுற்றுச் சுற்றாகப் பேச்சு இழுத்தது. அதற்காக, எந்தெந்தச் சாமானில் உங்களுக்குப் பாதிப்பு என்று எழுதித் தரும்படி நண்பரிடம் அவர் சங்கத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எழுத உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பேப்பர் படிக்கிறவன், எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நம்பிக்கை.

உலகம் முழுக்க ஒவ்வொரு சாமானுக்கும் சுங்கத்தில் ஒரு நம்பர் உண்டு. 73.18 என்றால் ஸ்க்ரூ, போல்ட், நட்டு. 84.82 பேரிங். 87.14 டூ வீலர், சைக்கிள் பார்ட்ஸ். எட்டாங் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவர் இந்த நம்பர்களை ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒப்பித்தார். மகள் மொபைலில் பார்த்துச் சொன்னாளாம். ஆறு பாயிண்ட் எழுதியிருந்தார். கம்பிக்கு வரி குறைய வேண்டும். அது முடியாவிட்டால் போல்ட்டுக்கு அதற்கு மேல் வரி வேண்டும். பேரிங்குக்கு வரி ஏற்ற வேண்டாம், இங்கே அந்த சைஸ் கிடைப்பதில்லை. சர்ட்டிபிகேட்டைத் துறைமுகத்தில் சரியாகப் பார்க்க வேண்டும். சின்னப் பட்டறையைக் கேட்காமல் பட்டியலை முடிக்கக் கூடாது. இதெல்லாம் எந்த மொழியில் இருந்தாலும் டெல்லிக்குப் போக வேண்டும்.

நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏழாவதா கரண்ட் சார்ஜையும் சேத்துக்கலாமா சார்?"

"அது ஆசியான்காரன் கையில் இல்லையே அண்ணே. மெட்ராஸ்லதானே போடறாங்க?"

"பரவாயில்ல, எழுதுங்க. யாராவது ஒருத்தர் படிப்பாங்க."

எழுதினேன்.